அமிலத்தால் சுண்ணாம்பை இனங்காணும் முறை
(மதுரங்குளிப் பகுதி நெல், மரக்கறிக் கமக்காரருக்கு)

முன்னுரை

கடையிலிருந்து கொண்டுவந்த வெண்ணிறத் தூள் மூடையொன்று வரம்பில் இருக்கின்றது எனக் கொள்வோம். விற்றவர் அதனை டொலமைற்று என்றார். அயற்காணிக்காரர் அதனைப் பார்த்து ஜிப்சம் என்கின்றார். வேறொருவர் அது வெறும் சிப்பித் தூள் என்கின்றார். மூன்றும் வெண்மையானவை, மூன்றும் கைக்கு மாப்போல் இருப்பவை, மூன்றும் நீரில் எளிதிற் கரையாதவை. ஆயினும் மண்ணில் அவை ஆற்றும் தொழில் ஒன்றன்று. புளிப்பு நிலத்துக்கு மருந்தாவது உவர்நிலத்துக்கு மருந்தாகாது. உவர்நிலத்துக்கு உதவுவது புளிப்பை நீக்காது. பொருளை அறியாது இட்டவர் பணத்தையும் இழப்பர். ஒரு போகத்தையும் இழக்கக் கூடும்.

இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீட்டுச் சமையலறையிலுள்ள தென்னங்கள்ளு வினாகிரியே போதுமானது. ஒரு பொருளின்மீது அமிலத்தைச் சில துளி விட்டு, அது நுரைக்கின்றதா, நுரையாதிருக்கின்றதா, மணம் எழுப்புகின்றதா எனக் கவனிப்பது இரசாயன நூலார் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முதற் சோதனையாகும். அதனைக் கமக்காரர் தம் காணியிற் பயன்படுத்தும் வகையும், அதன் விடையை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதும் இவ்வேட்டில் விளக்கப்படுகின்றன.

மதுரங்குளிப் பகுதிக்கு இச்சோதனை சிறப்பாக வேண்டப்படுவது ஏன்?

கொழும்பு - புத்தளம் வீதியில் அமைந்த மதுரங்குளியைச் சூழ்ந்த நிலம் ஒரே தன்மையதன்று. மேற்கே களப்பும் உவர்நிலமும் உள்ளன. உள்நாட்டை நோக்கிச் செல்லுங்கால் குளங்களின் கீழான நெல்வயல்கள் உள்ளன. இடையே தென்னந்தோட்டங்களும் மரக்கறி விளையும் மணற்பாங்கான காணிகளும் இருக்கின்றன. கரையோர மணலிற் சிப்பித் துண்டுகள் கலந்திருத்தல் பலரும் கண்டதே. புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக அமைந்தது. அவ்வகைச் சுண்ணாம்புக்கற் படை வடமேற்குக் கரையோரமாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை பரந்து கிடக்கின்றது.

ஆகவே, இம்மாவட்டத்தில் ஒரு காணி இயல்பாகவே சுண்ணாம்பு நிறைந்ததாக இருக்க, அதற்குச் சிறிது தொலைவிலுள்ள மற்றொரு காணி சுண்ணாம்பு அறவே அற்றதாக இருத்தல் கூடும். “அயலவர் இட்டார், நாமும் இடுவோம்” என்பது இங்கே பொருந்தாது. மேலும், 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டபோது, உரம் என்பது எத்துணை அரிய பொருள் என்பதைக் கமக்காரர் யாவரும் உணர்ந்தனர். அரிய பொருளை வாங்குவோர் அதனைச் சோதித்து வாங்குதல் முறையே.

அமிலம் பட்டதும் நுரைப்பது ஏன்?

சுண்ணாம்புக்கல், சிப்பி, முருகைக்கல், முட்டையோடு ஆகிய யாவும் பெரும்பாலும் ஒரே சேர்வையால் ஆனவை. அதன் பெயர் கல்சியங் காபனேற்று. இதன்மீது அமிலம் பட்டதும் அது பிரிவடைந்து, காபனீரொட்சைட்டு என்னும் வாயு குமிழ்களாக வெளியேறுகின்றது. சோடாப் போத்தலைத் திறக்கும்போது பொங்குவதும் இவ்வாயுவே. தூய கல்சியங் காபனேற்று 100 கிராம் அமிலத்தில் முற்றாகக் கரையுமாயின் 44 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். கல்லின் நிறையில் ஏறத்தாழப் பாதி, வாயுவாக அடைபட்டுக் கிடந்தது என்பது இதனாற் புலனாகும்.

இவ்வுண்மையை அளந்து காட்டியவர் ஸ்கொத்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் யோசேப்பு பிளாக்கு என்பவர். 1756 ஆம் ஆண்டில் வெளியான தமது ஆராய்ச்சியில், சுண்ணாம்புக்கல்லைச் சூளையிற் சுடும்போது நீங்குவதும், அதன்மீது அமிலத்தை விடும்போது எழுவதும் ஒரே வாயுவே என அவர் நிலைநாட்டினார். சூளையிற் சுட்ட சுண்ணாம்பு ஏன் நிறை குறைகின்றது என்ற வினாவுக்கும் அதுவே விடையாயிற்று.

எழுகின்ற வாயு காபனீரொட்சைட்டுத்தானா என அறிய விரும்புவோர், ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு மேசைக்கரண்டி சிப்பித் தூளை இட்டு, அது மூழ்குமளவுக்கு வினாகிரி வார்த்து, நுரை எழும்போது எரியும் தீக்குச்சியைக் குவளையின் வாய்க்குள் மெல்ல இறக்குக. குச்சி அணைந்துவிடும். இவ்வாயு வளியிலும் பாரமானதாகையாற் குவளைக்குள்ளேயே தங்கியிருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீர் உள்ள வேறொரு குவளைக்குள் அவ்வாயுவை மாத்திரம் சாய்த்து ஊற்றிக் குலுக்கினால் அந்நீர் பால்போல் வெண்மையாகும். சாய்க்கும்போது வினாகிரி சிந்தாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தேவையான பொருள்கள்

1. வினாகிரி ஒரு போத்தல். தென்னங்கள்ளு வினாகிரியாயினும் செயற்கை வினாகிரியாயினும் ஆகலாம். கிடையாவிடின் தேசிக்காய்ச் சாறு கொள்ளலாம்.

2. வெண்ணிறப் பீங்கான் தட்டுகள் அல்லது கண்ணாடிக் குவளைகள் மூன்று. உலோகப் பாத்திரம் ஆகாது.

3. நன்கு கழுவி இடித்த முட்டையோடு அல்லது சிப்பி, ஒரு கரண்டி.

4. பன்முறை கழுவிய ஆற்று மணல், ஒரு கரண்டி.

5. மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர்.

6. மஞ்சள் தூள் சிறிதளவு.

மூன்று தட்டுகள் ஏன் எனக் கேட்கலாம். முதலாவது தட்டில் நிச்சயமாக நுரைக்கும் சிப்பித் தூளும், இரண்டாவதில் நிச்சயமாக நுரையாத ஆற்று மணலும், மூன்றாவதில் நாம் அறியவேண்டிய பொருளும் இடப்படல் வேண்டும். சிப்பித் தூளே நுரையாவிடின் வினாகிரி வலுவற்றது என்று பொருள். ஆற்று மணல் நுரைத்தாற் பாத்திரத்திலோ மணலிலோ சுண்ணாம்பு கலந்திருக்கின்றது என்று பொருள். இவ்விரண்டும் சரியாக அமைந்த பின்னரே மூன்றாவது தட்டின் விடையை ஏற்றல் வேண்டும். தனியொரு தட்டை மாத்திரம் பார்த்து முடிவு கூறுவது, தராசின் முள்ளைப் பாராது நிறை கூறுவதை ஒக்கும்.

முதலாம் சோதனை: காணி மண்

காணியின் ஒரே இடத்தில் மண் எடுத்தல் போதாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இடங்களிலாயினும் மேல்மண்ணை 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பிடி கொள்ளுக. பின்னர் இரண்டு மூன்று இடங்களில் 30 முதல் 60 சென்ரிமீற்றர் வரையான ஆழத்திலிருந்து கீழ்மண்ணை எடுத்து வேறாக வைத்துக்கொள்ளுக. மேல்மண் அமைதியாயிருக்கக் கீழ்மண் நுரைப்பதும் உண்டு. மரக்கறிப் பாத்திகளுக்காக ஆழமாகக் கொத்தும்போது அக்கீழ்மண் மேலே வரும் என்பதை மறத்தலாகாது. கண்ணுக்குத் தெரியும் சிப்பித் துண்டுகளைப் பொறுக்கி நீக்குக. ஒரு துண்டின் நுரையைக் காணி முழுவதன் நுரையாக எண்ணுதல் தவறு.

மண்ணைத் தட்டிலிட்டு, முதலில் மழைநீரால் நன்கு நனைத்துச் சிறிது நேரம் விடுக. இது மிக முக்கியம். உலர்ந்த மண்ணில் எத்திரவத்தை விட்டாலும் அதனிடையேயுள்ள வளி குமிழிட்டு வெளியேறும். அதனை நுரையென மயங்குவோர் பலர். வளி நீங்கிய பின் வினாகிரியைத் துளித்துளியாக விட்டுக் கவனிக்க. கண்ணாற் பார்ப்பதோடு காதை அருகே வைத்துக் கேட்டலும் வேண்டும். சுண்ணாம்பு சிறிதளவே உள்ள மண்ணில் நுரை தோன்றாது. மெல்லிய இரைச்சல் மாத்திரமே கேட்கும்.

மண்ணாய்வாளர் இதே சோதனையை நூற்றுக்குப் பத்து வலுவுள்ள ஐதரோக்குளோரிக்கமிலத்தைக் கொண்டு செய்வர். அவர்களுடைய கணிப்பு வருமாறு. இரைச்சல் கேட்டுக் குமிழ் தெரியாவிடின் மண்ணில் நூற்றுக்கு 2 பங்கு வரையில் காபனேற்று உண்டு. குமிழ் கண்ணுக்குத் தெரியின் 2 முதல் 10 பங்கு வரை உண்டு. குமிழ்கள் சேர்ந்து தாழ்ந்த நுரையாகின் 10 முதல் 25 பங்கு வரை உண்டு. தடித்த நுரை விரைந்து எழுமாயின் 25 பங்குக்கும் மேல் உண்டு. வினாகிரி வலுக்குறைந்த அமிலமாதலால் அதனைக்கொண்டு இவ்வளவுகளைக் கூறுதல் இயலாது. ‘உண்டு’, ‘மிகுதியாக உண்டு’, ‘காணப்படவில்லை’ என்ற மூன்று விடைகளோடு கமக்காரர் அமைதல் போதும்.

இரண்டாம் சோதனை: வெண்ணிறத் தூள்கள்

ஒரு தேக்கரண்டித் தூளை எடுத்து முன்போல் நனைத்து, வினாகிரி விட்டுப் பின்வருமாறு காண்க.

சுண்ணாம்புக்கல் தூள், சிப்பித் தூள்: வினாகிரி பட்டவுடனே விரைந்து நுரைக்கும்.

டொலமைற்று: இது கல்சியத்தோடு மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. குளிர்ந்த வினாகிரியில் மிக மெதுவாகவே குமிழிடும்; கட்டியாயிருப்பின் ஒன்றும் நிகழாததுபோலத் தோன்றும். ஆதலால் நன்றாக இடித்து, குவளையைச் சுடுநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து, சில நிமிடம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். சூடேறச் சூடேறக் குமிழ் மிகும். இயற்கையான டொலமைற்றுக் கல்லிற் சுண்ணாம்புக்கல்லும் ஓரளவு கலந்திருப்பதுண்டு. ஆகவே தொடக்கத்திற் சிறிது நுரைத்து, பின்னர் மெதுவாகக் குமிழிடுதல் குற்றமன்று. இட்டவுடன் பொங்கி, சிறிது நேரத்தில் முற்றாக அடங்கி, சூடேற்றிய பின்னும் குமிழ் தராத தூளே ஐயத்துக்குரியது.

ஜிப்சம்: இது கல்சியஞ் சல்பேற்று. வினாகிரியில் நுரையாது, சூடேற்றினும் நுரையாது. சுண்ணாம்பு சிறிது கலந்திருப்பின் தொடக்கத்தில் ஓரிரு குமிழ் தோன்றி நின்றுவிடும்.

நீற்றின சுண்ணாம்பு: புதிதாயிருப்பின் நுரையாது வினாகிரியிற் கரையும். வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் காபனேற்றாக மாறும் இயல்புடையதாகையால், திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு நுரைக்கும். இதனை அறிய மஞ்சள் உதவும். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செந்நிறமாவதை யாவரும் அறிவர். தூளைச் சிறிது நீரில் குழைத்து மஞ்சளோடு சேர்க்குக. நீற்றின சுண்ணாம்பாயின் நன்கு சிவக்கும். ஜிப்சமும் சுண்ணாம்புக்கல் தூளும் அவ்வாறு சிவப்பதில்லை.

விறகுச் சாம்பல்: மஞ்சளையும் சிவக்கச் செய்யும், வினாகிரியிலும் நுரைக்கும். இதிற் பொற்றாசியங் காபனேற்று இருப்பதே காரணம்.

ஆகவே, வினாகிரியும் மஞ்சளும் என்னும் இரண்டு சாட்சிகளையும் ஒருங்கே விசாரித்தாலன்றி முடிவு கூறலாகாது. டொலமைற்றில் மகனீசியம் எவ்வளவு உள்ளது என்பதை இச்சோதனை கூறாது. அதற்கு ஆய்வுகூடமே துணை. தென்னைக்கு மகனீசியம் வேண்டி டொலமைற்று இடுவோர், லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆலோசனையைப் பெற்று இடுதல் நன்று.

மூன்றாம் சோதனை: உர மூடை

யூரியா, அமோனியஞ் சல்பேற்று, மியூரியேற்றுப் பொற்றாசு, நாக சல்பேற்று ஆகிய எதுவும் வினாகிரியில் நுரைக்கும் இயல்புடையதன்று. இவற்றுள் ஒன்று எனப் பெயரிடப்பட்ட உரம் வினாகிரியில் நுரைக்குமாயின், அதிற் காபனேற்று ஏதோ கலந்திருக்கின்றது எனக் கொள்ளலாம். ஒரு தேக்கரண்டி யூரியாவை ஒரு குவளை நீரிற் கலக்கிப் பார்த்தலும் தகும். அது குவளையைக் குளிரச் செய்து முற்றாகக் கரைதல் வேண்டும். அடியில் மண்டி தங்குதல் நன்றன்று.

ஆயினும் அவசரப்பட்டு எவரையும் குற்றஞ் சாட்டுதல் ஆகாது. கல்சியம் அமோனியம் நைத்திரேற்று என்னும் உரத்திற் காபனேற்று இயல்பாகவே சேர்க்கப்படுகின்றது. கலப்பு உரங்கள் சிலவற்றில் நிறையை ஈடுசெய்யும் பொருளாக டொலமைற்று இடப்படுவதும் உண்டு. மூடையிலுள்ள எழுத்துகளை முதலிற் படித்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடின், மூடையையும் பற்றுச்சீட்டையும் காத்துவைத்து, ஒரு பங்கை உலர்ந்த போத்தலில் அடைத்து, விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் முறை. உர விற்பனை 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்க உர ஒழுங்குபடுத்தற் சட்டத்தால் ஆளப்படுகின்றது. தேசிய உரச் செயலகம் இதற்குப் பொறுப்பானது. வீட்டுச் சோதனை முறைப்பாட்டுக்குத் தொடக்கமாகுமேயன்றி அத்தாட்சியாகாது.

அமோனியம் உள்ள உரத்தை அமிலத்தால் இனங்காண முடியாது. அதற்கு எதிரான காரத்தாலேயே இனங்காணலாம். சிறிது அமோனியஞ் சல்பேற்றோடு ஈரச் சுண்ணாம்பைக் கலந்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா மணம் எழும். அம்மணம் பயிருக்குச் சேரவேண்டிய நைதரசன் வளியோடு போவதன் அடையாளமே. இதனின்று கமக்காரர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு: சுண்ணாம்பையோ சாம்பலையோ அமோனியம் உள்ள உரத்தோடு ஒருபோதும் கலந்து வைத்தலாகாது.

நான்காம் சோதனை: நிலத்தில் பூக்கும் வெண்ணுப்பு

வறட்சிக் காலத்திற் சில காணிகளில் வெண்ணிறப் படிவு பூத்து நிற்கக் காணலாம். அதனை நாவிலிட்டுப் பார்த்தலாகாது. மேலாகச் சுரண்டி ஒரு கரண்டி எடுத்து, கால் குவளை மழைநீரிற் கலக்கி, தெளியவிட்டு, துணியில் வடித்து, தெளிந்த நீரை ஒரு குவளையிலும் மண்டியை மற்றொரு குவளையிலும் கொள்ளுக. இரண்டிலும் வினாகிரி விடுக.

மண்டி மாத்திரம் நுரைப்பின், அது நீரிற் கரையாத சுண்ணாம்பு.

தெளிந்த நீரே குமிழிடுமாயின், அதிற் சோடியங் காபனேற்றுப் போன்ற கரையும் காரம் உண்டு. அந்நீர் மஞ்சளையும் சிவக்கச் செய்யும். இத்தகைய நிலம் ஈரத்திற் குழம்பாகி, உலர்ந்ததும் இறுகி, நீரை உள்ளே விடாது. ஜிப்சம் வேண்டப்படுவது இவ்வகை நிலத்துக்கே.

இரண்டும் நுரையாவிடின், பெரும்பாலும் அது கறியுப்பு முதலான உப்பே. களப்போரக் காணிகளில் இது எதிர்பார்க்கத்தக்கது. இதற்குச் சுண்ணாம்பும் மருந்தன்று. ஜிப்சமும் பெரும்பயன் தராது. நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றுதலே வழி. வடிகாலில்லாது நீர் மாத்திரம் பாய்ச்சுதல் உப்பை அவ்விடத்திலேயே வைத்திருப்பதற்குச் சமம்.

ஐந்தாம் சோதனை: களப்புச் சேறு

கைவிடப்பட்ட இறால் குளங்களையோ களப்போரச் சேற்றையோ மேட்டு மண்ணாக்கிப் பயிரிட எண்ணுவோர் இதனைக் கட்டாயம் அறிதல் வேண்டும். கறுத்த சேற்றில் இரும்புச் சல்பைட்டு இருத்தல் கூடும். அதன்மீது அமிலம் பட்டால் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு எழுந்து அழுகிய முட்டைபோல் நாறும். இவ்வாயு நஞ்சு, மிகுதியாகச் சுவாசித்தால் மணத்தை உணரும் ஆற்றலையே முதலில் மழுங்கச் செய்யும். ஆகவே கடலை விதையளவு சேற்றை மாத்திரம் எடுத்து, திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு துளி வினாகிரியே விடுதல் வேண்டும். மூக்கைத் தட்டின்மேல் வைத்தலாகாது.

அம்மணம் எழுமாயின் அச்சேற்றை வயலில் பரப்புதலை நிறுத்திவிடுக. சல்பைட்டுகள் நிறைந்த சேறு வளிபட்டு உலரும்போது சல்பூரிக்கமிலம் உண்டாகி, நிலம் கடும் புளிப்பாக மாறுதல் கூடும். மணம் எழாவிடினும் அபாயம் முற்றாக நீங்கிற்று எனக் கொள்ளலாகாது. பைரைற்று என்னும் மற்றொரு சல்பைட்டு வினாகிரிக்கு அசையாது. அதனை ஆய்வுகூடத்திலேயே அறியலாம்.

விடையைக் கொண்டு செய்யவேண்டியவை

மண் நன்கு நுரைத்தால்:

அக்காணிக்குச் சுண்ணாம்போ டொலமைற்றோ இடவேண்டியதில்லை. அங்ஙனம் இடுவது நிறைந்த குளத்துக்கு நீர் சுமப்பதாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நாகமும் இரும்பும் பயிருக்கு எட்டாது போகின்றன. நாற்று நட்ட இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் நெற்பயிர் ஆங்காங்கே குன்றி, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளிறி, முதிர்ந்த இலைகளிற் கபில நிறப் புள்ளிகள் தோன்றினால் நாகக் குறைபாட்டை ஐயுறுக. மரக்கறிப் பயிரில் இளம் இலைகள் மஞ்சளித்து நரம்புகள் மாத்திரம் பச்சையாய் நின்றால் இரும்புக் குறைபாட்டை ஐயுறுக. இவற்றை நைதரசன் குறைபாடு என எண்ணி யூரியாவை மேலும் மேலும் இட்டுச் செலவழிப்போர் உளர். போதனாசிரியருக்குப் பயிரைக் காட்டி, நாக சல்பேற்றின் அளவைக் கேட்டு இடுதல் வேண்டும்.

இத்தகைய மண்ணில் யூரியாவை ஈரமேற்பரப்பில் தூவி விட்டுவிட்டால், அதன் ஒரு பகுதி அமோனியாவாக வளியிற் போய்விடும். மண்ணோடு கலந்துவிடுதலோ, தூவியவுடன் நீர் பாய்ச்சி உள்ளே இறக்குதலோ நன்று. எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று புளிப்பு மண்ணிற் கரைந்து பயன் தருவது. நுரைக்கும் மண்ணில் அது ஏறத்தாழக் கல்லாகவே கிடக்கும். நெல், மரக்கறி போன்ற குறுகிய காலப் பயிருக்கு நீரிற் கரையும் பொசுபேற்றே ஏற்றது. மக்கிய எருவும் பசளைக் கூளமும் நாகத்தையும் இரும்பையும் பயிருக்கு எட்டச் செய்யும்.

மண் நுரையாவிடின்:

இதனாற் காணி புளிப்பு என்றோ, சுண்ணாம்பு வேண்டும் என்றோ முடிவு செய்யலாகாது. இவ்விடத்திலேயே பலர் தவறுகின்றனர். காபனேற்று இல்லாத மண் புளிப்பாகவும் இருக்கலாம், நடுநிலையாகவும் இருக்கலாம், உவராகவும் இருக்கலாம். சுண்ணாம்பு வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை மண்ணின் புளிப்பெண்ணை அளந்த பின்னரே கூற முடியும். மண் மாதிரியை உலர்த்தி, பையிலிட்டு, காணியின் பெயரையும் ஆழத்தையும் பயிரையும் எழுதி, கமநல சேவை நிலையத்தின் வழியாகச் சோதனைக்கு அனுப்புக. பெரும்போக மழைக்கு முன்னர் அனுப்பினால் விடை வந்தபின் ஆயத்தஞ் செய்யக் காலம் இருக்கும்.

செய்யலாகாதவை

1. மின்கலவடுக்கு அமிலத்தைப் பயன்படுத்தலாகாது. அது சல்பூரிக்கமிலம், கண்ணையும் தோலையும் எரிக்கும். அன்றியும் விடையும் தவறாகும். சுண்ணாம்புக்கல்லின்மீது சல்பூரிக்கமிலம் பட்டதும் அதன் மேல் ஜிப்சம் படையாகப் படிந்து கல்லை மூடிவிடுவதால், நுரை எழுந்து விரைவில் நின்றுவிடும். சுண்ணாம்பு நிறைந்த கல்லும் சுண்ணாம்பற்றதுபோலத் தோன்றும்.

2. கிணற்றுக்கு இடும் வெளிற்றுந் தூளும் வெண்மையானதே. அதன்மீது அமிலம் பட்டாற் குளோரீன் என்னும் கொடிய வாயு எழும். பெயர் அறியாத வெண்தூளை முகர்ந்து பார்க்கும்போது நீச்சற்குளத்து மணம் போன்ற கார மணம் வீசினாற் சோதனையைத் தொடங்கவே கூடாது.

3. பூச்சிநாசினி, எலிநஞ்சு, தானியக் களஞ்சியத்தில் இடும் புகையூட்டு மாத்திரை ஆகியவற்றின்மீது அமிலமோ நீரோ விடுதல் உயிராபத்தாகும். எழுத்து அழிந்த பொதியில் உள்ள எதனையும் சோதித்தலாகாது. அதனைத் திருப்பி ஒப்படைத்தலே வேண்டும்.

4. சோதனையை மூடிய போத்தலில் நடத்தலாகாது. எழும் வாயு போத்தலை உடைத்துவிடும்.

5. ஐதரோக்குளோரிக்கமிலம் கொண்டு சோதிக்க வேண்டியிருப்பின் அதனைப் போதனாசிரியரிடமே விடுக. எவ்வமிலத்தை ஐதாக்கும்போதும் நீரினுள் அமிலத்தை விடவேண்டுமேயன்றி, அமிலத்தினுள் நீரை விடலாகாது.

6. சோதித்த தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்தாது வேறாக வைத்தல் வேண்டும். சிறுவரைத் தனியே சோதிக்க விடலாகாது.

முடிவுரை

இச்சோதனைகளின் பயனைத் தொகுத்துக் கூறின் வருமாறு: விரைந்து நுரைப்பது சுண்ணாம்புக்கல், சூட்டில் மெதுவாக நுரைப்பது டொலமைற்று, நுரையாது நிற்பது ஜிப்சம், நுரையாது மஞ்சளைச் சிவக்கச் செய்வது நீற்றின சுண்ணாம்பு, நுரைத்து மஞ்சளையும் சிவக்கச் செய்வது சாம்பல், அழுகிய முட்டைபோல் நாறுவது சல்பைட்டுச் சேறு. யூரியாவும் பொற்றாசும் நுரைத்தாற் கேள்வி கேட்க வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே! வருகின்ற போகத்துக்குச் சுண்ணாம்பு மூடை வாங்குமுன் உங்கள் காணியின் மேல்மண்ணிலும் கீழ்மண்ணிலும் ஒரு கரண்டி வினாகிரி விட்டுப் பாருங்கள். கண்டதை ஓர் அப்பியாசக் கொப்பியில் காணியின் பெயரோடும் திகதியோடும் எழுதி வையுங்கள். போதனாசிரியர் வரும்போது அக்கொப்பியை அவர் முன் வையுங்கள். வேண்டாத மூடைக்குச் செலவாகவிருந்த பணம் கையில் நிற்கும். பயிருக்கு உண்மையில் வேண்டியது எதுவோ அதற்கு அது உதவும்.